மத்தியானத்து வண்டிகள்

அம்மா இறந்து மூன்று வாரம் கழித்துத்தான் மருத்துவமனையிலிருந்து வந்த பையை மகள் பிரித்தாள். மூக்குக் கண்ணாடி. சீப்பு. ஒரு ஜோடி காலுறை. நான்காக மடித்த ஒரு பட்டியல்.

பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு கார்களின் எண்கள். நூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு எதிரே அம்மா டிக் போட்டிருந்தாள். பதினேழுக்குப் போடவில்லை. அந்தப் பதினேழில் ஒன்றுக்குப் பக்கத்தில் மூன்று சின்னக் கோடுகள். மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் கதவு திறக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். இரண்டு தடவை மகளும் கூடப் போயிருந்தாள்.

"அதை எதுக்கும்மா இப்ப எடுக்குற?" என்றார் அப்பா, அறை வாசலில் நின்றபடி.

"பையில இருந்துச்சுப்பா."

"ம்."

ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போய் முன்னறையில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது இந்தப் பட்டியல்தான்.

அம்மா வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். தகரக் கூரை போட்ட நீளமான கூடம். முன்கதவு வழியாகக் கார்கள் நுழையும், பின்கதவு வழியாகப் போகும். நடுவில் அலமாரி உயரத்துக்கு ஒரு மெஷின். அதன் குழலைச் சைலன்சருக்குள் முழங்கை நீளத்துக்கு நுழைத்தால், புகையில் எந்த நஞ்சு எவ்வளவு என்று திரையில் எண்கள் ஓடும். வரம்புக்குள் இருந்தால் பாஸ், தாண்டினால் ஃபெயில். பாஸ் ஆனால் டாக்சியை ஒரு வருஷம், சொந்தக் கார்களை இரண்டு வருஷம் ஓட்டலாம்.

அம்மாவுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் ஃபெயிலம்மா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நீல மேலங்கியின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, "ஃபெயிலம்மாதான். வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுங்க" என்பாள்.

அவளை ஏமாற்ற அவர்கள் செய்யாத தந்திரம் இல்லை. சைலன்சரில் ஆணியால் ஓட்டை போட்டு வெளிக்காற்றைக் கலக்க விடுவார்கள். அம்மா கையுறையோடு காருக்கு அடியில் படுத்து, எஞ்சினிலிருந்து கடைசி முனை வரைக்கும் குழாயைத் தடவிப் பார்ப்பாள். ஓட்டை இருந்தால் உள்ளங்கையில் சூடாக ஊதும். டாங்கில் பெயிண்ட் தின்னரைக் கலந்துகொண்டு வருவார்கள். அதற்கு அவளுக்கு மெஷினே வேண்டாம், மூக்கு போதும்.

"டாங்கில என்னண்ணே ஊத்தினீங்க?"

"பெட்ரோல்தாம்மா. வேற என்ன ஊத்துவேன்?"

"உங்க வண்டி நெயில் பாலிஷ் போட்டுக்கிட்டு வந்திருக்கு. போய்க் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

"நேத்துதான் சர்வீஸ் பண்ணேம்மா, சத்தியமா!"

"சர்வீஸ் பண்ணீங்களா, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுனீங்களா? வெளியே பளபளன்னுதான் இருக்கு."

அப்பாவை அவள் முதலில் பார்த்ததும் அந்த வரிசையில்தான். அப்பா டாக்சி ஓட்டினார். முதல் தடவை ஃபெயில். இரண்டாம் தடவையும் ஃபெயில். மூன்றாம் தடவை வண்டி பாஸ் ஆகிவிட்டது. ஆனால் அவர் நான்காம் தடவையும் வந்து வரிசையில் நின்றார். "உங்களுக்குத்தான் சான்றிதழ் கொடுத்தாச்சே" என்றாளாம் அம்மா. "வண்டிக்குக் கொடுத்தீங்க" என்றாராம் அப்பா. இந்தக் கதையை அப்பா நூறு தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அம்மா, "அன்னிக்கே மறுபடி சோதிச்சிருக்கணும்" என்று முடித்துவைப்பாள்.

கல்யாணம் ஆன பிறகும் சலுகை கிடையாது. கட்டின புருஷன் வண்டியையே வருஷா வருஷம் ஒரு தடவையாவது திருப்பி அனுப்பினாள். வரிசையில் நிற்கிற மற்ற டிரைவர்கள் அப்பாவின் தோளைத் தட்டி, "எங்க கதியைவிட உங்க கதி மோசம்ணே" என்பார்கள்.

மகள் படித்து, வாயுக்களை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் பொறியாளராகச் சேர்ந்தாள். அம்மாவின் தொழிலுக்கு ஒரு சுவர் தள்ளித்தான் அது. வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு சைலன்சரில்தான் முடியும்.

பிறகு காலம் மாறியது. புதிய பெட்ரோல், டீசல் கார்களை விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்னும் சில வருஷம் ஓட்டலாம். தெருவில் சத்தமில்லாத வண்டிகள் பெருகின. நான்கு பரிசோதனை நிலையங்களில் மூன்றை மூடினார்கள். மிஞ்சியது அம்மாவுடையது. அதற்கும் நாள் குறித்தாயிற்று. மூன்று வருஷம்.

அம்மாவுடன் வேலை பார்த்தவர்கள் பேட்டரி பக்கம் மாறிப் போனார்கள். அவள் மாறவில்லை. டிரைவர்களின் பேச்சும் மாறியது. "அடுத்த வருஷம் இதை நானே இரும்புக் கடைக்குத் தள்ளிடப் போறேன். சாகப் போற வண்டிக்கு எதுக்கும்மா வைத்தியம்?" என்று மூக்கால் அழுதார்கள்.

"கடைசியில மிஞ்சுறது நல்ல வண்டியா இருக்காதுடி" என்பாள் அம்மா வீட்டில். "நல்ல வண்டி வச்சிருந்தவன் எல்லாம் வித்துட்டு மின்சாரத்துக்குப் போயிட்டான். பராமரிக்காதவன்தான் இழுத்துக்கிட்டு இருக்கான். ஒரு கெட்ட வண்டி, நாப்பது நல்ல வண்டி விடுற புகையை ஒத்தையா விடும். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்க வேண்டியது இப்பத்தான்."

நிலையத்தில் கார்கள் குறைந்ததால் கூடத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சார்ஜிங் நிலையத்துக்குக் கொடுத்தார்கள். நடுவில் வெள்ளைச் சுவர் எழுந்தது. கட்டடக்காரர்கள் ஒரு வாரத்தில் வேலையை முடித்தார்கள். தரையில் கண்டபடி கிடந்த ஒயர்களையும் குழாய்களையும் சுவரோரமாக வெள்ளை உறைக்குள் அடக்கி, நூல் பிடித்த மாதிரி வைத்துவிட்டுப் போனார்கள். முப்பது வருஷத்தில் அந்தக் கூடம் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்று அம்மா மெச்சிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. ஃபெயில் ஆகும் வண்டிகள் குறைய ஆரம்பித்தன. முன்பு ஐந்தில் ஒன்று ஃபெயில் ஆகும். இப்போது பத்தில் ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜனங்களுக்குக் கடைசி நேரத்தில் புத்தி வந்துவிட்டது, தான் முப்பது வருஷம் கத்தினது வீண் போகவில்லை என்று நினைத்தாள். அந்த வருஷம் அப்பாவின் டாக்சியும் முதல் தடவையிலேயே பாஸ் ஆயிற்று. அப்பா அந்தச் சான்றிதழை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார்.

ஏழு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் அப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார்.

"டீக்கடையில அந்த லிஃப்ட் ரிப்பேர்காரர் சொல்லிட்டிருக்கார். ஃபெயிலம்மாகிட்ட காலையில போயிடாதீங்க, கடிச்சுக் குதறிடும். சாப்பிட்டப்புறம் போங்க. வயிறு நிறைஞ்சா மனசு இளகிடும். அவருக்குக் காலையில ரெண்டு வாட்டி ஃபெயிலாம். எதையும் மாத்தல, மத்தியானம் போனாராம். பாஸாம்."

"அந்த ஆளா? காலையில வந்து என்கிட்ட குதிகுதின்னு குதிச்சார்" என்றாள் அம்மா. "வேலை பாத்துட்டுத்தான் வந்திருப்பார். வாய்தான் அப்படி. ஆனா ஒண்ணுங்க, இப்பல்லாம் காலையில ஈ ஓட்டுறேன். மத்தியானம் ஆனா வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."

"நான்கூட மத்தியானம்தானே போனேன்" என்று அப்பா சிரித்தார்.

மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள்.

"அம்மா, காலையில வர்ற வண்டியில எத்தனை ஃபெயில் ஆகுது?"

"காலையில வர்றதே நாலு வண்டி. ஒண்ணு ஆகும்."

"மத்தியானம்?"

அம்மா விரல்களை மடக்கினாள். மனக்கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"அம்மா, உன் மெஷின் பூஜ்ஜியக் காத்தை எங்கேருந்து எடுக்குது?"

எந்த அளவைக்கும் ஒரு தொடக்கம் வேண்டும். தராசில் எதையும் வைக்காதபோது முள் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும் அல்லவா? புகை மெஷினும் அப்படித்தான். ஒவ்வொரு காரைச் சோதிக்கும் முன்னும் அது ஒரு தனிக் குழாய் வழியாக வெளிக்காற்றை ஒரு மூச்சு இழுக்கும். 'இதுதான் சுத்தம், இதுதான் பூஜ்ஜியம்' என்று வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு நஞ்சு என்றுதான் புகையை அளக்கும். அந்த முதல் மூச்சு அழுக்காக இருந்தால், அந்த அழுக்கு முழுவதும் காரின் கணக்கிலிருந்து கழிந்துவிடும். கெட்ட கார் நல்ல கார் ஆகிவிடும்.

"பக்கத்து ஜன்னலுக்கு வெளியே" என்றாள் அம்மா. "நான்தானே அந்தக் காலத்துல சண்டை போட்டு வெளியே விட வச்சேன்."

"அந்த ஜன்னல் இப்ப சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும்மா."

"சுவர் வழியா விட்டிருப்பாங்க."

"பாத்தியா?"

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. "தினம் காலையில அளவு தெரிஞ்ச வாயு சிலிண்டரை வச்சு சரிபாக்குறேனே. ஒரு நாள்கூடத் தப்பா காட்டினதில்ல" என்றாள்.

"காலையில" என்றாள் மகள்.

மறுநாள் மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். அம்மா மெஷினின் முதுகுப் பக்கம் மண்டியிட்டாள். பூஜ்ஜியக் காற்றுக் குழாய் வெள்ளை உறைக்குள் நுழைந்தது. கார்களுக்கு அடியில் செய்கிற மாதிரியே, உறையைக் கையால் தடவிக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்தாள். உறை சுவரைத் துளைத்துப் போகவில்லை. சுவரோடு சுவராக முன்கதவு வரைக்கும் போயிற்று. மூலையில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். டயர்களை இழுத்தார்கள். அதற்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், வெட்டின குழாயின் வாய் திறந்து கிடந்தது.

சோதனைக்கு அடுத்த வண்டி எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கும் இடம் அதுதான். அதன் சைலன்சர் சரியாக அந்த மூலைக்கு நேரே வரும்.

காலையில் வரிசை இல்லை, காற்று சுத்தம், மெஷின் சொன்னது உண்மை. மத்தியானம் வரிசை சேரும். காத்திருக்கும் காரின் புகையைக் குடித்துவிட்டு, மெஷின் அதைப் பூஜ்ஜியம் என்றது. மத்தியானம் எளிது என்று பேச்சு பரவப் பரவ வரிசை நீண்டது. வரிசை நீள நீள மத்தியானம் இன்னும் எளிதாயிற்று.

அம்மா ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊரான் வண்டிக் குழாயை எல்லாம் நுனி வரைக்கும் தடவிப் பாத்தேன். என் குழாயைத் தடவல" என்றாள்.

நெற்றிப்பொட்டைத் தேய்த்தபடி, "மத்தியானமானா தலை வலிக்கும். கண்ணாடி மாத்தணும்னு நினைச்சேன்" என்றாள்.

அப்போது மகள் ஒன்று சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தினமும் நினைக்கிறாள்.

"இன்னிக்கே குழாயைச் சரி பண்ணிடலாம்மா. அது போதும். வித்தியாசம் கொஞ்சம்தான். வரம்பை ஒட்டி இருக்குற வண்டிங்க மட்டும்தான் தப்பிச்சிருக்கும். அதுவும் மூணு வருஷத்துல போயிடும். இதை வெளியே சொன்னா, கட்டடக்காரங்களை விட்டுட்டு உன்னைத்தான் பிடிப்பாங்க."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஃபெயில் ஆன வண்டிக்காரனைப் பார்க்கிற பார்வை. கோபம் இல்லாதது.

"உன் ஆய்வகத்துல ஒரு கருவி தப்பா காட்டினா என்ன பண்ணுவே?"

"சரி பண்ணுவேன்."

"அதுவரைக்கும் அது அளந்தது?"

அளந்த அனைத்தையும் திரும்ப அளக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம்.

மேலாளர் கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருக்கும் பெண்மணியை மாட்டிவிட அவருக்கு மனமில்லை. "யாருக்கும்மா தெரியப் போகுது? வண்டியே சாகப் போகுது, நிலையமும் மூடப் போறோம். எதுக்கு நீங்களா போய்த் தலையைக் கொடுக்குறீங்க?" என்றார்.

"மூணு வருஷம் இருக்கே சார். அந்த மூணு வருஷமும் தெருவுல யாரும் மூச்சு விட மாட்டாங்களா?" என்றாள் அம்மா.

அறிக்கையை அவளே எழுதினாள். 'குழாயின் மறுமுனையை நான் பார்க்கவில்லை' என்று ஒரு வரி. கட்டடக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி மகள் மன்றாடினாள். "அவங்களுக்கு அது வெறும் குழாய். எனக்குத்தான் அது என்னன்னு தெரியும்" என்று மறுத்துவிட்டாள்.

நிலையத்தை இரண்டு வாரம் மூடினார்கள். திறந்தபோது மெஷினில் வேறொருவர் நின்றார். அம்மாவை முன்மேசையில் உட்காரவைத்து டோக்கன் கொடுக்கச் சொன்னார்கள். 'ஃபெயிலம்மாவே ஃபெயில்' என்று வரிசையில் சிரித்தார்கள். அவள் காதுபடத்தான் சிரித்தார்கள். "டோக்கனைப் பிடிங்க" என்றாள்.

கணினியில் ஒவ்வொரு சோதனையின் நேரமும் எண்ணும் பதிவாகியிருந்தன. சுவர் எழுந்த நாளிலிருந்து, மத்தியானத்தில், வரம்பை ஒட்டிப் பாஸ் ஆன வண்டிகளை அம்மாவும் மகளும் பிரித்தெடுத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. மறுசோதனைக்கு வரும்படி எல்லோருக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் போயிற்று. அறுபத்துநான்கு பேர் வந்தார்கள். மற்றவர்கள் கையில் சான்றிதழ் இருந்தது. அது செல்லும் என்று சட்டம் சொன்னது. அலுவலகம் அத்தோடு கை கழுவிவிட்டது.

"மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றாள் அம்மா.

"எப்படிம்மா? உனக்கு அதிகாரமே இல்லையே."

"வாய் இருக்குல்ல."

மகளின் ஆய்வகத்தில் கையால் தூக்கிப் போகும் மெஷின் ஒன்று இருந்தது. அனுமதி வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துவந்தாள். முதல் ஞாயிறு அம்மா காலையிலேயே மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

"முதல்ல யார் வீட்டுக்கு?" என்று கேட்டார் அப்பா.

"இந்த வீட்டுக்கு."

"என்னது?"

"நீங்களும் மத்தியானம்தானே வந்தீங்க? வண்டியை வெளியே எடுங்க."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். வரம்பு 0.50. வந்தது 0.58. அப்பா திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். உள்ளே போனார். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து சான்றிதழை உருவி, நாலாகக் கிழிக்கப் போய், கிழிக்காமல் அவள் கையில் கொடுத்தார். "முப்பது வருஷத்துல ஒரே ஒரு வருஷம் முதல் தடவையிலேயே பாஸ் ஆனேன். அதுவும் பொறுக்கல உனக்கு" என்றார். அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை, சைலன்சரில் புகையின் நஞ்சை முறிக்கும் கன்வெர்ட்டரை மாற்றிக்கொண்டு நிலையத்து வரிசையில் போய் நின்றார். 0.11. கடிதத்துக்கு வராதவர்களில் முதல் டிக். அடுத்த ஞாயிற்றிலிருந்து அவர்தான் டிரைவர்.

முப்பது வருஷம் அதிகாரத்தோடு நின்றவள், வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். "என் மெஷின் தப்பா காட்டிடுச்சு. தப்பு என்னோடது. அஞ்சு நிமிஷம் கொடுங்க. எண்ணை மட்டும் காட்டிட்டுப் போயிடறேன்." சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு பல் மருத்துவர் அரை மணி நேரம் நிற்கவைத்துத் திட்டினார். திட்டி முடித்தபின் சாவியைக் கொடுத்தார். சரி செய்துவிட்டோம் என்று அவர்களே அழைத்தால் திரும்பப் போய் அளப்பாள். எண் சரியாக வந்தால்தான் டிக். வண்டியை இரும்புக்குப் போட்டுவிட்டால் அதற்கும் டிக்.

அளக்கும் முன் ஒரு சடங்கு மாதிரி ஒன்று செய்வாள். காரிலிருந்து இருபது அடி எடுத்துவைத்துக் காற்று வருகிற திசையில் போய் நிற்பாள். பூஜ்ஜியக் குழாயின் வாயில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தாள். குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பாள். நூல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பாள். மெஷின் அரை நிமிஷம் போதும் என்று சொல்லும். அவள் ஒரு நிமிஷம் நிற்பாள்.

லிஃப்ட் ரிப்பேர்காரர் மட்டும் கேட்டைத் திறக்கவேயில்லை. கார் உள்ளே நின்றது. மாடி ஜன்னலில் திரைச்சீலை ஆடியது. "பாரு, இருக்கார்" என்று அம்மா கண்ணால் காட்டினாள். மணியை ஒரு தடவைக்கு மேல் அடிக்க மாட்டாள். காத்திருந்துவிட்டு ஒரு கோடு போடுவாள்.

கோடை முடிகிற சமயத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் என்றார்கள். முப்பத்தொரு வருஷப் புகையா, அந்த ஏழு மாதமா, வேறு ஏதாவதா என்று மகள் மருத்துவரிடம் கேட்டாள். சொல்ல முடியாது என்றார் அவர். மகளுக்கும் தெரியும். ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு வரைய முடியாது. ஆனாலும் ராத்திரியில் வரைந்து பார்க்கிறாள்.

மருத்துவமனையில் ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டியதும் அம்மா செய்த முதல் காரியம், அந்தக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனது. தலையணையைத் தாண்டி, கட்டில் கம்பியைத் தாண்டி, கை எட்டும் வரைக்கும் தடவினாள். அதற்கு மேல் எட்டவில்லை. மகளைப் பார்த்தாள். மகள் எழுந்து போய்க் குழாயைச் சுவர் வரைக்கும் தடவி, அது நுழைகிற இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"என்னம்மா, பாட்டிம்மா எங்களை நம்ப மாட்டாங்களா?" என்று நர்ஸ் சிரித்தாள்.

"யாரையும் நம்ப மாட்டா" என்றார் அப்பா. "கட்டின புருஷனையே ஃபெயில் பண்ணவ."

அம்மா சிரித்தாள். பன்னிரண்டு நாள் இருந்தாள்.

இப்போது பட்டியல் மடியில் இருந்தது. மகள் எழுந்து, ஆய்வகத்துக்கு இன்னும் திருப்பிக் கொடுக்காத மெஷினை எடுத்துக்கொண்டாள். அப்பா வண்டியை எடுத்தார். எங்கே என்று அவள் சொல்லவில்லை. மூன்று கோடு போட்ட வீட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

மகள் மணியை ஒரு தடவை அடித்தாள். திரைச்சீலை ஆடியது. நின்றது. பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லிஃப்ட் ரிப்பேர்காரர் கேட்டை ஒரு சாண் மட்டும் திறந்து, அவளைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஃபெயிலம்மா வண்டியிலேயே உக்காந்துட்டாங்களா? இன்னிக்கு என்ன புதுத் தந்திரம்? மகளை அனுப்பியிருக்காங்க."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா காரிலிருந்து இறங்கினார்.

"அவ இல்லப்பா. மூணு வாரமாச்சு."

"ஊருக்குப் போயிருக்…" என்று ஆரம்பித்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கேட்டைப் பிடித்திருந்த கையை எடுத்தார். அது தானாகத் திறந்துகொண்டது.

"நான் மாடியிலதான் இருந்தேன். மூணு தடவையும்."

"தெரியும்" என்றாள் மகள். "திரைச்சீலை ஆடுச்சு. அம்மாதான் காட்டினா."

அவர் தலையைச் சொறிந்தார். "காலையில ரெண்டு தடவை திட்டிட்டேன் அவங்களை. மத்தியானம் பாஸ் போட்டதும், சரி, பயந்துட்டாங்கன்னு நினைச்சேன். ஊரெல்லாம் சொன்னேன்." மகள் கையிலிருந்த மெஷினைப் பார்த்தார். "உங்களுக்கு இதுக்கு அதிகாரம் உண்டாம்மா?"

"இல்லண்ணே. அம்மாவுக்கும் கடைசியில இல்ல. எண்ணைக் காட்டுவோம். அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். காரை வெளியே எடுத்து எஞ்சினை ஓடவிட்டார்.

மகள் இருபது அடி நடந்தாள். குழாயைத் தலைக்கு மேல் தூக்கினாள். சிவப்பு நூல் காரை விட்டு விலகிப் பறந்தது; புகை இந்தப் பக்கம் வரும். திசை தப்பு. சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். நூல் காரின் பக்கமாகப் பறந்தது. மெஷின் அரை நிமிஷத்தில் தயார் என்றது. அவள் இன்னும் அரை நிமிஷம் கையை இறக்காமல் நின்றாள். அப்பா அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திரும்பி வந்து சைலன்சரில் குழலை நுழைத்தாள். எண்கள் ஓடி நின்றன. 0.71.

லிஃப்ட் ரிப்பேர்காரர் குனிந்து பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். மணி மூன்று.

"மத்தியானம்தானேம்மா இது?" என்றார் பாவமாக.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. காரின் மேல்தட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கன்வெர்ட்டர் போயிடுச்சுண்ணே" என்றாள் மகள். "மாத்தினா சரியாயிடும்."

"மாத்திட்டுச் சொன்னா மறுபடி வருவீங்களா?"

"வருவோம்."

"எப்ப? காலையிலயா, மத்தியானமா?"

"எப்பன்னாலும் சரி. இனிமே ரெண்டும் ஒண்ணுதான்."

காரில் உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தாள். நான்காவது கோடு போடவில்லை. டிக்கும் போடவில்லை. மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில், அம்மாவின் கையெழுத்துக்கு அடியில், 0.71 என்று எழுதினாள்.